அண்ணன் பேரில் ஒரு ரசீது

மெதுவா பேசுவோம்மா. முன்னால நாலாவது சீட்டு, ஜன்னல் ஓரம், வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தன் இருக்கான் பாருங்க. இல்ல, பார்க்காதீங்க. திரும்பினான்னா நான் இங்க இருக்கிறது தெரிஞ்சுரும். தெரியாம என்ன, ஏறும்போதே பார்த்துட்டான். பார்த்தும் பாராத மாதிரி முன்னால போய் உட்கார்ந்துட்டான். என் கூடப் பிறந்த அண்ணன்தான்.

ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்துதான் வாறோம். கோர்ட்டுல இருந்து. அவன் கேசு போட்டவன், நான் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொன்னவ. ரெண்டு பத்துக்கு இந்த ஒரு பஸ்ஸுதான். இதை விட்டா அஞ்சு மணிக்குத்தான் அடுத்தது. என்ன செய்ய, ஏறித்தானே ஆகணும்.

நீங்க எதுவரைக்கும் போறீய? உடன்குடியா. அப்போ எனக்கப்புறம்தான் இறங்குவீய. நல்லதாப் போச்சு. யார்கிட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும் போல இருக்கு. எங்க ஊர்ல சொல்ல முடியாது. ஊர்ல ஆளுக்கொரு அணி. நீங்க எந்த அணியும் இல்லை.

கண்டக்டரு நம்ம ரெண்டு பேருக்கும் சும்மா டிக்கெட்டுக் கொடுத்துட்டுப் போனாரு பார்த்தீயளா. எங்க வீட்ல அவியளுக்கு இது பிடிக்கவே பிடிக்காது. பொம்பளைய எல்லாம் ஓசியில ஏத்தி ஏத்தித்தான் கஜானாவே காலிம்பாவ. காருல இடம் இருந்தா நான் ஏன் ஓசி பஸ்ஸுல ஏறப் போறேன். இன்னைக்கு இடமில்லை. கமிட்டிக்காரவ மூணு பேரு, வக்கீலு, அவிய. நீ பஸ்ஸுல வந்துரு, நான் நம்ம ஸ்டாப்புல வந்து நிக்கேன்னு சொல்லிட்டுப் போனாவ. எத்தனை ஆம்பிளை அப்படிச் சொல்லுவான், சொல்லுங்க.

அவிய பேரு ஜெபத்துரை. சிமெண்டு, கம்பி, பெயிண்டு கடை வச்சிருக்கோம். எங்க கோயிலுக்குப் பதினோரு வருஷமா அவியதான் கமிட்டிச் செயலர். கொடுக்கிற கையிம்மா அது. கிறிஸ்மஸுக்கு நாற்பது விதவைகளுக்குச் சேலை. ஒவ்வொருத்தரா பேரு சொல்லிக் கூப்பிட்டு, அவிய கையாலேயே கொடுத்து, போட்டோவும் எடுத்து வச்சிருக்கோம். கோயிலுக்குப் புது மணி வந்ததுல பாதி எங்க காசு. நர்ஸிங் படிக்கிற ஒரு பிள்ளைக்கு ரெண்டு வருஷம் பீசு கட்டினாவ. ஏழைன்னு வாசல்ல வந்து நின்னா வெறுங்கையா அனுப்ப மாட்டாவ. நின்னாப் போதும்.

எங்க கடையில ரெண்டு விலை உண்டு. பில்லு போட்டா ஒரு விலை, பில்லு வேண்டாம்னா ஒரு விலை. வாங்குறவனுக்கும் லாபம், நமக்கும் லாபம். அரசாங்கத்துக்குத்தான் கொஞ்சம் குறையும். குறைஞ்சா என்ன, அரசாங்கம் பட்டினியா கிடக்கு? அவிய சொல்லுவாவ, நான் வரி கட்டாம இல்லை, நேரா கர்த்தர்கிட்ட கட்டுதேன், நடுவுல எவனும் நக்க முடியாதுன்னு. எனக்கு அது நியாயமாத்தான் தெரியும்.

அண்ணனுக்கு அது தெரியாது. அவன் பேரு அருமைநாயகம். வணிகவரி ஆபீஸுல முப்பத்துமூணு வருஷம் இருந்தவன். யூனியன்ல கொடி பிடிச்சவன். ஒரு ஆள்கிட்ட ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்லை. அதனால சொந்தக்காரவ யாருக்கும் அவனால ஒரு பிரயோஜனமும் இல்லை. ரிட்டயர்டு ஆன பிறகும் பென்ஷனுக்கு வரி வருதான்னு அவனே எழுதிப் பார்த்து, அவனே போய்க் கட்டிட்டு வருவான். கட்டிட்டு வந்த அன்னைக்கு முகத்தைப் பார்க்கணுமே, திருவிருந்து எடுத்துட்டு வந்தவன் மாதிரி இருக்கும்.

அவனும் இவியளும் ஒரு இலையில சாப்பிட்டவங்கதான். என் கல்யாணத்துக்கு இவியளைத் தேடிப் பிடிச்சுக் கொண்டுவந்ததே அண்ணன்தான். ஆனா இந்தப் பேச்சு வந்துட்டா மட்டும் ஆகாது. ஒரு ஈஸ்டருக்கு எங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம். இவிய சும்மா பெருமையா விதவைகள் சேலையைப் பத்திச் சொன்னாவ. தங்கப்புஷ்பம்னு ஒரு பொம்பளை எங்க கடையில பதினெட்டு வருஷமா சிமெண்டு மூடை சுமந்தா. இப்போ முதுகு போயிட்டு. அவளுக்கும் சேலை கொடுத்தோம்னாவ. அண்ணன் சோத்துல கையை வச்சுக்கிட்டே, மாப்பிள்ளை, அந்தப் பொம்பளைக்குச் சட்டப்படி பி.எஃப் பிடிச்சிருந்தா அவ உங்க வாசல்ல சேலைக்கு நிக்க மாட்டாளேன்னான்.

இவிய கோபப்படலை. அதைச் சொல்லணும். தண்ணியைக் குடிச்சுட்டு, மச்சான், அந்த நர்ஸிங் பிள்ளைக்கு உங்க அரசாங்க ஸ்காலர்ஷிப்பு எப்போ வந்துச்சு தெரியுமான்னாவ. அவ படிச்சு முடிச்சு ஏழு மாசம் கழிச்சு வந்துச்சு. அதுவரைக்கும் உங்க சட்டத்தைத் தின்னுக்கிட்டா அவ படிச்சான்னாவ. அண்ணன் ரசத்தை ஊத்திக்கிட்டான். அன்னைக்கு எனக்கு யார் பக்கம்னு தெரியலை. ரெண்டு பேரும் சாப்பிட்டா சரின்னு அப்பளத்தைப் பொரிச்சுக்கிட்டே இருந்தேன்.

அதுக்கப்புறம் லில்லி மைனிக்குக் கிட்னி போச்சு. அண்ணன் பொண்டாட்டி. அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில வச்சுத்தான் டயாலிசிஸ், வாரத்துக்கு ரெண்டு தடவை. இவிய வலிய போய்ச் சொன்னாவ, கோயில் தர்மப் பணத்துல இருந்து எடுத்து நல்ல பிரைவேட் ஆஸ்பத்திரியில சேர்ப்போம்னு. அண்ணன் கேட்டான், கோயில்ல அறிவிக்காம கொடுப்பீயளான்னு. அது எப்படிம்மா முடியும்? கொடுத்தவங்களுக்கு யாருக்குப் போச்சுன்னு தெரிய வேண்டாமா? எல்லாருக்கும் வாசிக்கிற மாதிரி இதையும் வாசிப்போம்னாவ. அப்போ வேண்டாம், பெரியாஸ்பத்திரியில அவளை யாரும் பேரு சொல்லி வாசிக்கலை, டயாலிசிஸ் ஒழுங்கா நடக்குன்னுட்டான். ரெண்டு வருஷம் நடந்துச்சு. பிறகு போய்ச் சேர்ந்துட்டாவ. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கு. ஒரு வார்த்தை வாசிச்சா என்ன? வாசிச்சிருந்தா இன்னும் ஒரு வருஷம் இருந்திருப்பாவளோ என்னமோ. மைனி எனக்குத் தாய் மாதிரி. என் மூத்தவ பிரசவத்துக்கு நாற்பது நாள் என் கூடவே படுத்துக் கிடந்தாவ.

மைனியைக் கோயில் கல்லறைத் தோட்டத்துல, மேற்குச் சுவர் ஓரமா அடக்கம் பண்ணினோம். பக்கத்துல ஒரு ஆளுக்கு இடம் விட்டிருக்கு. அண்ணன் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சா நேரா அங்கதான் போவான். அந்த இடத்துல உட்கார மாட்டான், பக்கத்துல நிப்பான். புல்லு முளைச்சா பிடுங்குவான். ஒருநாள் நான் போயிருந்தப்போ, கனகு, எனக்கு இடம் இது போதும்லான்னு கேட்டான். அவன் என்கிட்ட அப்படியெல்லாம் பேசினதே கிடையாது. அதை மனசுல வச்சுக்கிடுங்க. நான் செஞ்சது எல்லாமே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

சண்டை அறுப்பின் பண்டிகையில வந்துச்சு. உங்க பக்கம் எப்படியோ, எங்க கோயில்ல அவனவன் தோட்டத்துல விளைஞ்சதைக் கொண்டுவந்து வைப்பான். ஆராதனை முடிஞ்சதும் மைக்கு வச்சு ஏலம். இருபது ரூபாய்த் தேங்காய் ரெண்டாயிரத்துக்குப் போகும். பணம் கோயிலுக்குத்தானே. அந்த வருஷம் கமிட்டித் தேர்தல் வேற வந்துச்சு. எதிரணியில கந்தையா நாடார் பேரன் ஒருத்தன் விலையை ஏத்துதான், இவிய ஏத்துதாவ. ஒரு கட்டு முருங்கைக்காய் பதினேழாயிரத்துக்கு நம்ம பக்கம் விழுந்துச்சு. ஊரே கை தட்டிச்சு. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. அந்தக் காயில நான்தான் சாம்பார் வச்சேன். கொஞ்சம் முத்தல்.

கை தட்டு அடங்கினதும் அண்ணன் எந்திரிச்சான். செயலர் அவர்களே, பதினேழாயிரத்துக்கு வாங்கியிருக்கீங்க, கோயில்ல பில்லு கேட்டு வாங்குவீங்களா, இல்ல பில்லு இல்லாத விலையான்னான். மைக்கு பக்கத்துல இருந்துச்சு. எல்லாருக்கும் கேட்டுட்டு. பொம்பளைங்க பக்கத்துல இருந்துதான் முதல்ல சிரிப்பு வந்துச்சு. அவிய முகம் செத்துப்போச்சு. முப்பத்தாறு வருஷத்துல நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.

அதோட விட்டானா. பதினோரு வருஷமா வரவு செலவைச் சபைக்கு முன்னால வாசிக்கலையே, எப்போ வாசிப்பீங்கன்னு கேட்டான். கொடுக்கிறவன் கேக்கட்டும், வருஷத்துக்கு அறுநூறு ரூபாய் சங்கக் காணிக்கை கட்டுறவன் எல்லாம் கேள்வி கேக்க வேண்டாம்னு இவிய சொல்லிட்டாவ. கோபத்துல சொன்னதுதான். சங்கக் காணிக்கைங்கிறது ஒண்ணுமில்லைம்மா, சபையில உறுப்பினரா இருக்கிறவங்க வருஷா வருஷம் கட்டுறது. அண்ணன் அங்கேயே நின்னு, அப்போ அந்த அறுநூறும் இல்லை, வாசிச்சாக் கட்டுதேன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டான்.

சொன்ன மாதிரியே கட்டலை. கட்டலைன்னா என்ன ஆகும்னு அவனுக்குத் தெரியும். எங்க கோயில்ல மூணு வருஷம் கட்டாம விட்டா பேரை எடுத்துருவாவ. பேரு இல்லைன்னா ஓட்டு இல்லை. செத்தா மணி இல்லை. கல்லறைத் தோட்டத்துல இடம் இல்லை. அது எங்க வீட்ல அவிய போட்ட சட்டம் இல்லை, பழைய சட்டம். அவிய அதை மாத்தலை, அவ்வளவுதான்.

மூணாம் வருஷம் பேரை எடுத்துட்டாவ. அண்ணன் கோர்ட்டுக்குப் போயிட்டான். அவன் கேட்டது ரெண்டு. கோயில் வரவு செலவைச் சபைக்கு முன்னால வாசிக்கணும். காசு கட்டலைங்கிறதுக்காகச் செத்தவனுக்கு இடம் இல்லைன்னு சொல்லக் கூடாது. எனக்காக மட்டும் கேக்கலை, தங்கப்புஷ்பத்துக்கும் சேர்த்துத்தான் கேக்கேன்னானாம். அவளும் மூணு வருஷமா கட்டலை. அவளைப் பத்தி இவன் எதுக்குப் பேசணும்? அவளுக்குத்தான் நாங்க சேலை கொடுக்கோமே.

இப்படி நடந்துக்கிட்டு இருக்கும்போது இந்த மார்ச்சு மாசம் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்துட்டு. பெரியாஸ்பத்திரியில சேர்த்துட்டாவன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளை போன் பண்ணிச்சு. நான் போகலை. போனா இவியளுக்கு வருத்தம். வீட்ல முழங்கால் போட்டு அழுதேன். எனக்கு வேற ஒண்ணும் ஓடலை. இவன் இப்போ செத்தா எங்க கொண்டு போய் வைப்பாவ, மைனி அங்க தனியாக் கிடக்காவளேங்கிறதுதான் ஓடிச்சு.

மூணாம் நாள் இவிய சாப்பிட்டுக்கிட்டே சொன்னாவ. உன் அண்ணனுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் கையாலேயே இடமில்லைன்னு எழுத வேண்டியது வரும், எனக்கு அது பாவமா இருக்குன்னாவ. கண்ணு கலங்கிச்சு, நான் பார்த்தேன். நீ வேணும்னா அவன் பேருல பாக்கியைக் கட்டிரு, பேரைத் திரும்பச் சேர்த்துருவோம், நான் கேக்கலை, நீ சொல்லலைன்னாவ. என்ன மனசு பாருங்க. தன்னை மைக்குல அவமானப்படுத்தினவனுக்கு.

நான் சேர்த்து வச்சிருந்த சிறுவாட்டுக் காசை எடுத்துக்கிட்டு அன்னைக்கே கோயில்பிள்ளைகிட்ட போனேன். கோயிலைத் திறந்து மூடி மணி அடிக்கிறவரு, ரசீதும் அவருதான் போடுவாரு. அண்ணன் பேருல போடுங்கன்னேன். அவரு என்னை ஒரு பார்வை பார்த்தாரு, போட்டுக் கொடுத்தாரு. மார்ச்சு பதினாலு. ரசீதை பைபிளுக்குள்ள வச்சேன். அன்னைக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேன். கர்த்தர் புண்ணியத்துல அண்ணனும் பிழைச்சு வந்துட்டான்.

ரெண்டு மாசம் கழிச்சுக் கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீலு அந்த ரசீதோட அடிக்கட்டையைக் கொண்டுபோய் வச்சுட்டாராம். பாருங்க ஐயா, ஒரு பைசா கட்ட மாட்டேன்னு கேசு போட்டவரு ரகசியமா வந்து எல்லாத்தையும் கட்டிட்டாரு, கமிட்டி மேல குறையே இல்லைன்னு அவரே ஒத்துக்கிட்டாருன்னு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. இவியகிட்ட கேட்டேன். அவியளுக்கே ஆச்சரியமாம். வக்கீலுதான் எப்படியோ தேடி எடுத்துட்டாரு, எனக்குத் தெரியாதுன்னாவ. அடிக்கட்டை எல்லாம் எங்க வீட்டு பீரோவுலதான் இருக்கும். வக்கீலுங்க கெட்டிக்காரங்கம்மா.

ஊரு சிரிச்சுட்டு. வெளிய வீராப்பு, உள்ளுக்குள்ள பயம்னு டீக்கடையில வச்சே பேசினாவ. கேசுல அவன் கூட கையெழுத்துப் போட்ட நாலஞ்சு பேரு அவன்கிட்ட பேச்சை நிறுத்திட்டாவ. கடைசியில நீரும் இடத்தை வாங்கிட்டீரே வேய்னு ஒருத்தன் மூஞ்சிக்கு நேரா கேட்டானாம். அண்ணன் எத்தனையோ கெட்ட பேரு வாங்கியிருக்கான். முரடன்னு, கஞ்சன்னு, சாமி இல்லாதவன்னு. சொன்னது ஒண்ணு செஞ்சது ஒண்ணுன்னு யாரும் சொன்னதில்லை.

மறுநாள் எங்க வீட்டுக்கு வந்தான். நாலு வருஷத்துல முதல் தடவை. உள்ள வரலை, கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். ஆள் பாதியாப் போயிட்டான். கனகு, நீயா கட்டினேன்னு கேட்டான். நான் துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். எனக்கென்ன தெரியும்னேன். இன்னொரு தடவை கேட்டான். எனக்குத் தெரியாது அண்ணேன்னேன். கேட்டைச் சாத்திட்டுப் போயிட்டான். ஒரு வாய்த் தண்ணி குடின்னு சொல்லியிருக்கலாம், அதுவும் சொல்லலை.

அண்ணன் கோர்ட்டுல தான் கட்டலைன்னு சாதிச்சுட்டான். அப்போ யாரு கட்டினான்னு கேள்வி வந்துட்டு. அதுக்குத்தான் இன்னைக்கு என்னைக் கூப்பிட்டாவ. நேத்து வக்கீலு வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தாரு. அண்ணன் பணத்தை என் கையில கொடுத்தான், நான் கொண்டுபோய்க் கட்டினேன், இவ்வளவுதான் சொல்லணும். நானாக் கட்டினேன்னு சொன்னா என்ன ஆகும்னு கேட்டேன். இவிய சொன்னாவ, வேற ஆள் கட்டினது செல்லாதுன்னு கமிட்டியில தீர்மானம் ஆயிட்டு, பிறகு மைனி பக்கத்துல இடம் கிடையாது, நீயே யோசிச்சுக்கோன்னு.

யோசிச்சேம்மா. விடிய விடிய யோசிச்சேன். ஒரு பக்கம் அவன் பேரு, ஒரு பக்கம் அவன் இடம். பேரு ரெண்டு வருஷத்துல மறந்துரும். இடம் போனா போனதுதான். மைனியும் கேப்பாவல்லா மேல போனா, ஏளா, அவுகளை எங்க விட்டேன்னு.

கூண்டுல ஏறினேன். சத்தியம் வாங்கினாவ. அண்ணன் முன்னால பெஞ்சுல மடியில பையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். நம்ம வக்கீலு கேட்டாரு, பணத்தை யாரும்மா கொடுத்தான்னு. அண்ணன் கொடுத்தான்னேன். அவன் நிமிர்ந்து பார்க்கலை.

அண்ணனோட வக்கீலு ஒரு பொம்பளைப் பிள்ளை, சின்ன வயசு. எந்திரிச்சு வந்தா. எந்தத் தேதியில கொடுத்தாருன்னா. மார்ச்சு பதினாலு, நான் கட்டினதும் அன்னைக்குத்தான்னேன். எங்க வச்சுக் கொடுத்தாருன்னா. அவன் வீட்ல வச்சு, காலையிலன்னேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மான்னா. அதே தான்னேன். அவ லேசாச் சிரிச்சுக்கிட்டே கட்டுல இருந்து ஒரு பேப்பரை உருவினா. அப்போதான் அண்ணன் எந்திரிச்சான். போதும்மா, கேக்க வேண்டாம்னான். அந்தப் பிள்ளை அவன் காதுல என்னமோ படபடன்னு சொல்லுது. இவன் அந்தப் பேப்பரை அவ கையில இருந்து வாங்கி மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டான். ஜட்ஜு என்னன்னு கேட்டாரு. ஐயா, என் தங்கச்சி சொன்னது சரிதான், நான்தான் கொடுத்தேன், கேசை வாபஸ் வாங்கிக்கிடுதேன்னுட்டான்.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அப்பாடான்னு இருந்துச்சு. பார்த்தீயளா, அவனுக்கும் உள்ளுக்குள்ள அந்த இடம் வேணும்னு ஆசைதான். வெட்கத்துல சொல்லாம இருந்திருக்கான். கமிட்டிக்காரவ எல்லாம் இவிய கையைப் பிடிச்சுக் குலுக்குதாவ. நான் அண்ணன்கிட்ட போய் ஒரு வார்த்தை பேசுவோம்னு பார்த்தா, அவன் படி இறங்கிப் போயிட்டான். அந்த வக்கீல் பிள்ளை மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனா. அதுதான் மனசுக்குள்ள கிடந்து குடையுது. நான் நல்லதுதானே செஞ்சேன். எதுக்கு அப்படிப் பார்க்கணும்?

பாலம் தாண்டிட்டா? அடுத்தது அவன் ஸ்டாப்புதான். அதுக்கடுத்தது என் ஸ்டாப்பு. எந்திரிச்சுட்டான். முன்வாசல்ல மூட்டை கிடக்கு, இறங்க முடியாது போல. இங்கிட்டுத்தான் வாறான். நீங்க அந்தப் பக்கம் பாருங்கம்மா.

என்ன அண்ணே.

ஆமா, இதுலதான் ஏறினேன். அவிய காருல போயிட்டாவ.

எந்தப் பேப்பரு?

ம்.

ம்.

அண்ணே, அப்படிச் சொல்லாதே. அப்போ மைனி பக்கத்துல? அண்ணே, நில்லு. மைனி பக்கத்துல யாரு?

போயிட்டான். இறங்கிட்டான். திரும்பிப் பார்க்காம போறான் பாருங்க, அந்த டீக்கடையைத் தாண்டி. இனி பார்க்கலாம், பார்த்தா ஒண்ணுமில்லை.

உங்களுக்குக் கேட்டுச்சா? பஸ்ஸு சத்தத்துல கேட்டிருக்காது. அந்தப் பேப்பரு ஆஸ்பத்திரிச் சீட்டாம்மா. மார்ச்சு பன்னிரண்டுல இருந்து இருபது வரைக்கும் மூக்குல குழாயோட ஆஸ்பத்திரியில கிடந்தேன் கனகுங்கான். பதினாலாம் தேதி காலையில வீட்ல வச்சு உன் கையில எப்படிக் கொடுத்திருப்பேன், அந்தப் பிள்ளை அதை எடுத்து நீட்டியிருந்தா உன்னைப் பொய்ச்சாட்சின்னு பிடிச்சிருப்பாவ, அதான் கேசு போனாப் போகட்டும்னு விட்டேன்ங்கான். அவன் ஆஸ்பத்திரியில கிடந்தான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே போய்க் கட்டினேன். கூண்டுல நிக்கும்போது அது புத்தியில ஏறவே இல்லையே. சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறதுலேயே இருந்துட்டேன்.

இன்னொண்ணும் சொன்னான். நான் செத்தா கோயில்ல போய்க் கேக்காதீங்க, அந்த இடம் வேண்டாம். தண்ணி டேங்குக்குப் பக்கத்துல பஞ்சாயத்துல எரிமேடை கட்டியிருக்காவல்லா, அங்க கொண்டு போங்க. அது என் வரியும் சேர்ந்து கட்டினது, யார் தயவும் வேண்டாம்ங்கான். அண்ணனை எரிக்கிறதாம்மா? எங்க குடும்பத்துல இதுவரைக்கும் யாரையும் எரிச்சதில்லை. மைனி அங்க கிடந்து இனி யாருக்குக் காத்துக்கிட்டு இருப்பாவ?

அவனுக்குப் பேரும் போச்சு, இடமும் போச்சு. தங்கப்புஷ்பத்துக்கும் இல்லாமப் போச்சு. வரவு செலவை இனி யாரும் கேக்கப் போறதில்லை. அப்போ நான் கட்டினது யாருக்கும்மா? என் காசை நான் யாருக்குக் கட்டினேன்?

நீங்க ஏன் தலையை ஆட்டுதீய. அவியளைச் சொல்லுதீயளா? சொல்லாதீங்க. நீங்க சொல்ல வேண்டாம். எனக்கே தெரியுது. அவிய கண்ணு கலங்கினதை நான் பார்த்தேனே.

இந்தா, என் ஸ்டாப்பு வந்துட்டு. அந்தப் புளியமரத்தடியில காரைப் போட்டுட்டு நிக்காவ பாருங்க, நீலச் சட்டை. பக்கத்துல கமிட்டிக்காரவ. சிரிச்சுக்கிட்டு நிக்காவ. என்னைத்தான் தேடுதாவ. கையைக் காட்டுதாவ.

இல்ல கண்டக்டர் தம்பி, நான் இங்க இறங்கலை. நீங்க விசில் அடிங்க. அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கிடுதேன். கொஞ்ச தூரம்தான். நடந்து வந்துக்கிடுவேன்.